கல்கத்தாவில் ஒரு பல்லாவரத்துக் கல்

வெளிமாநிலத்தில் குடியிருக்கும் நம்மவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. வேறொரு பெரிய ஊருக்குக் கிளம்பினால், டிக்கெட் எடுக்கும் முன்பே பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியல் கைக்கு வந்துவிடும். டில்லி என்றால் செங்கோட்டை, குதுப்மினார், மலை மந்திர். பம்பாய் என்றால் கேட்வே, மரைன் டிரைவ், மாதுங்கா. கல்கத்தா என்றால் விக்டோரியா மெமோரியல், ஹவுரா பாலம், காளிகாட், தட்சிணேசுவரம், பேலூர் மடம்; திரும்பும்போது ஒரு ரசகுல்லா டப்பா. முதல் தடவை போகிறவர்களுக்கு இந்தப் பட்டியல் போதும், குறை சொல்வதற்கில்லை. ஆனால் அதே ஊருக்கு இரண்டாவது, மூன்றாவது தடவை போகிறவர்கள் என்ன செய்வது? மறுபடியும் விக்டோரியா மெமோரியல் புல்வெளியில் உட்கார்ந்து கடலை கொறிப்பதா?

அப்படித் திரும்பிப் போகிறவர்களுக்காகவே இந்தக் கட்டுரை. கல்கத்தாவில் பட்டியலுக்கு வெளியே சில இடங்கள் உண்டு. அவற்றில் பலவற்றுக்கும் நம் தமிழ்நாட்டுக்கும் நேரான சரித்திரத் தொடர்பு இருக்கிறது. வேறு சில, எங்கிருந்தோ பிழைக்க வந்து அங்கே தங்கிவிட்ட சிறு சமூகங்கள் விட்டுப்போன அடையாளங்கள். பிழைக்க வந்த ஊரில் சங்கம் வைத்து மலர் போடுகிற நாமும் அப்படிப்பட்ட ஒரு சமூகம்தானே! ஆகவே இந்த இடங்களைப் பார்த்துவிட்டு வரும்போது நமக்கென்று ஒரு கேள்வியும் கூடவே வரும். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

என்னைப் பற்றி இரண்டு வரி. ஆரணிப் பக்கத்துத் தமிழ்ச் சமணக் குடும்பம். குடும்பத் தொழில் விவசாயம். நான் பார்த்தது சாக்கு வியாபாரம். ஆரணி, வந்தவாசி வட்டார அரிசி மில்களுக்குச் சணல் சாக்கு வேண்டும். சணல் சாக்குக்குக் கல்கத்தாதான் தாய்வீடு. 1855-ல் ரிஷ்ராவில் முதல் சணல் ஆலை ஏற்பட்டதிலிருந்து ஹூக்ளி ஆற்றின் இரு கரையும் அந்தத் தொழிலால் வளர்ந்தவை. 1980-களில் வருஷத்துக்கு நாலைந்து முறை கோரமண்டல் எக்ஸ்பிரஸில் ஏறி ஹவுராவில் இறங்குவேன். படா பஜாரில் பேல் கணக்கில் விலை பேசி, லாரி ஆபீசில் புக்கிங் போட்டு, அடுத்த வண்டியைப் பிடிப்பேன். பிளாஸ்டிக் சாக்கு வந்ததும் அந்த வியாபாரம் மெலிந்தது. பிறகு நாக்பூருக்குக் குடிவந்தாயிற்று. 2024 டிசம்பரில் கடையை மகனிடம் விட்டுவிட்டு, மனைவியோடு ஐந்து நாள் கல்கத்தா போய்வந்தேன். ஊர்ப் பெயர் 2001-ல் கொல்கத்தா என்று மாறிவிட்டாலும் என் வாயில் வருவது கல்கத்தாதான். வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். இருட்டியபின் நாங்கள் சாப்பிடுவதில்லை. டிசம்பர் மாதக் கல்கத்தாவில் ஐந்து மணிக்கே இருட்டிவிடும். அதனால் கீழே சொல்லும் இடங்கள் எல்லாமே பகல் வெளிச்சத்தில் பார்த்து முடிக்கக்கூடியவை!

சார்னாக்கின் சமாதி

ஹவுராவிலிருந்து நகரத்துக்குள் போவது இப்போது சுலபம். ஹூக்ளி ஆற்றுக்கு அடியில் சுரங்க மெட்ரோ 2024 மார்ச்சில் ஓடத் தொடங்கியது. பாலத்தின் மேல் பஸ்ஸில் நின்று வேர்த்த தூரத்தைச் சில நிமிஷத்தில் கடந்து மகாகரண் ஸ்டேஷனில் ஏறிவிடலாம். அங்கிருந்து நடக்கிற தூரத்தில் இருப்பது செயின்ட் ஜான்ஸ் சர்ச். 1787-ல் திறந்தது. வங்காளத்தின் பழைய தலைநகரமான கௌர் நகரத்து இடிபாடுகளிலிருந்து கல் கொண்டுவந்து கட்டியதால் வங்காளிகள் இதைப் 'பாத்துரே கிர்ஜா' என்பார்கள். கல் சர்ச் என்று அர்த்தம். அந்த வளாகத்துக்குள் எட்டுப் பட்டையாக ஒரு வெள்ளை மண்டபம் நிற்கிறது. அதற்குள்தான் ஜோப் சார்னாக்கின் சமாதி.

1690 ஆகஸ்டு 24-ல் சுதானுட்டி என்ற கிராமத்தில் வந்து இறங்கிய கிழக்கிந்தியக் கம்பெனி ஏஜெண்டு இவர். கல்கத்தாவை உண்டாக்கியவர் என்று நெடுங்காலம் பாடப் புத்தகங்கள் சொல்லிவந்தன. ஒரு தனி மனிதர் உண்டாக்கிய ஊர் அல்ல இது, அந்தத் தேதி ஊரின் பிறந்த நாளும் அல்ல என்று 2003-ல் கல்கத்தா உயர்நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அது வேறு விஷயம். நமக்கு வேண்டிய சங்கதி என்னவென்றால், சார்னாக் சுதானுட்டிக்கு வந்தது நம் சென்னையிலிருந்து. மொகலாயரோடு சண்டை மூண்டு வங்காளத்தை விட்டு விலகிய கம்பெனிக்காரர்கள் சென்னைக் கோட்டையில் தங்கியிருந்தார்கள். அவருடைய பெண்கள் மூவருக்கு ஞானஸ்நானம் நடந்ததும் 1689-ல் கோட்டைக்குள் இருக்கும் செயின்ட் மேரீஸ் சர்ச்சில்தான்.

சார்னாக் இறந்த பிறகு சமாதி கட்டியவர் மாப்பிள்ளை சார்லஸ் அயர். கல்லறைமேல் பதித்த கல் கறுப்பாக, மழமழவென்று இருக்கும். கல்லில் வெட்டிய லத்தீன் வாசகம் அவர் இறந்த நாள் 1692 ஜனவரி 10 என்கிறது. அன்றைய இங்கிலாந்தில் புது வருஷம் மார்ச் 25-ல் பிறக்கும். ஆகவே நம் கணக்கில் அது 1693. தனக்குச் சொந்தமில்லாத மண்ணில் வெகுகாலம் அலைந்த ஒருவர் தம் நிரந்தர வீட்டுக்குத் திரும்பினார் என்பது அந்த வாசகத்தின் சாரம். சொந்தமில்லாத மண்ணில் வெகுகாலம் இருப்பது என்னவென்று இந்த மலரைப் படிக்கிறவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

இந்தக் கல் எங்கிருந்து வந்தது? வங்காள டெல்டாவில் நல்ல கருங்கல் கிடையாது. எத்தனை ஆழம் தோண்டினாலும் வண்டல்தான். 200 வருஷம் கழித்து, இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் வேலை பார்த்த தாமஸ் ஹாலண்டு என்பவர் இந்தக் கல்லை ஆராய்ந்தார். சென்னைக்குப் பக்கத்தில் பல்லாவரம், பறங்கிமலையில் கிடைக்கும் பாறையும் இதுவும் ஒன்றே என்று கண்டு, 1893-ல் அந்தப் பாறை வகைக்கே 'சார்னோக்கைட்' என்று பெயர் சூட்டினார். இன்று உலகம் முழுக்கப் பாறையியல் படிக்கிற பிள்ளைகள் மனப்பாடம் செய்கிற பெயர் அது. பறங்கிமலைப் பாறையைத் தேசிய நிலவியல் சின்னமாகவும் அறிவித்திருக்கிறார்கள். கல் பல்லாவரத்தினுடையது, பெயர் அதன்கீழ்ப் படுத்திருப்பவருடையது!

பல்லாவரம் சாதாரண ஊர் அல்ல. மகேந்திர பல்லவனின் விருதுப் பெயர்கள் பொறித்த குடைவரை அங்கே உண்டு. 1863-ல் ராபர்ட் புரூஸ் ஃபுட் என்ற நிலவியல் அறிஞர் பழைய கற்காலக் கருவியை முதன்முதலாகக் கண்டெடுத்ததும் பல்லாவரத்தில்தான். இந்தியாவின் ஆதிமனித வரலாற்று ஆராய்ச்சி அங்கே தொடங்குகிறது. அந்த ஃபுட் வேலை பார்த்த துறைக்குத் தலைமையகம் கல்கத்தா. 1912-ல் அவர் காலமானதும் கல்கத்தாவில்தான்.

சுவடி சேர்த்தவர்

அடுத்தது பார்க் ஸ்ட்ரீட் கல்லறைத் தோட்டம். கல்லறையில் என்ன பார்ப்பது என்று என் மனைவியும் கேட்டாள். உள்ளே போனதும் கேள்வி நின்றுவிட்டது. 1767-ல் தொடங்கிய இடம். பெரிய மரங்களின் நிழலில் கோயில் விமானம் போலவும் கூம்பு போலவும் ஆளுயரத்துக்குமேல் எழும்பிய சமாதிகள், நடுவே பாசி பிடித்த சந்துகள். ஆசியாட்டிக் சொசைட்டியை 1784-ல் நிறுவிய வில்லியம் ஜோன்ஸின் உயரமான கோபுரச் சமாதியை எல்லோரும் காட்டுவார்கள். அதே தோட்டத்தில்தான் காலின் மெக்கென்சியும் அடக்கமாகியிருக்கிறார். அவரைத் தேடி வருகிறவர்கள் குறைவு.

மெக்கென்சி 1783-ல் சென்னைக்கு வந்த ராணுவப் பொறியாளர். நிலம் அளக்கும் வேலை. 1815-ல் இந்தியா முழுமைக்கும் முதல் சர்வேயர் ஜெனரல் ஆனார். நிலத்தை அளந்துகொண்டே, போன ஊரில் எல்லாம் ஓலைச்சுவடி, கல்வெட்டுப்படி, நாணயம், ஊர்க் கைபீது, கோயில் கதை என்று சேர்த்தார். கல்வெட்டுப்படிகள் மட்டும் எட்டாயிரத்துக்கு மேல். இன்றைக்குத் தொண்டை மண்டலத்தில் சமணம் இருந்த சரித்திரத்தை எழுதப் புகுகிறவர்கள் மெக்கென்சி சேகரத்தைத் தாண்டிப் போக முடியாது. புழலில் குறும்பர் தலைவன் கட்டியதாகச் சொல்லப்படும் சமணக் கோயிலின் கதைகூட அந்தச் சேகரத்தில் பதிவானதுதான்.

ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். அந்தத் துரைக்கு நம் மொழிகள் படிக்கத் தெரியாது. ஊர் ஊராக நடந்து, சுவடி வைத்திருந்தவர்களிடம் பேசி, படி எடுத்துக் கொடுத்தவர்கள் காவலி வெங்கட போரையா, அவர் தம்பி லட்சுமய்யா முதலிய நம் தென்னாட்டுக்காரர்கள். அவர்களில் தர்மய்யா என்ற சமணப் பண்டிதரும் ஒருவர். 1816-ல் தாமஸ் ஹிக்கி வரைந்த மெக்கென்சியின் ஓவியம் ஒன்று உண்டு. சிவப்புக் கோட்டுப் போட்ட துரை நடுவில். சுற்றி உதவியாளர்கள் மூவர். தூரத்துக் குன்றின்மேல் கோமடேசுவரர் சிலை. கையில் ஓலைச்சுவடியோடு நிற்பவரே தர்மய்யா என்று ஆராய்ச்சியாளர்கள் சொல்கிறார்கள்.

மெக்கென்சிக்குப் பதவி உயர்ந்து கல்கத்தா மாற்றல் ஆனபோது சேகரமும் கப்பல் ஏறி அங்கே போனது. 1821-ல் அவர் இறந்தார். மனைவியிடமிருந்து பத்தாயிரம் பவுனுக்குக் கம்பெனி அதை வாங்கியது. எச்.எச். வில்சன் 1828-ல் கல்கத்தாவில் அதற்கு விவரப் பட்டியல் அச்சிட்டார். பிறகு தென்னாட்டு மொழிச் சுவடிகள் சென்னைக்குத் திரும்பின. சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகத்துக்கு அஸ்திவாரங்களில் ஒன்றாக அமைந்தது அந்தச் சேகரம்தான். நம் ஊர்க் கதைகள் கல்கத்தா வரை போய் ஒரு சுற்றுச் சுற்றி வந்ததால் பிழைத்தன.

'தானம்' என்ற சொல்

ஆற்றங்கரையில் வித்யாசாகர் சேது என்னும் இரண்டாவது ஹூக்ளி பாலத்துக்குக் கீழே பிரின்செப் காட். சர்க்குலர் ரயிலில் அதே பெயரில் ஸ்டேஷன் இருக்கிறது. வெள்ளைத் தூண் மண்டபம், படகு, ஐஸ்கிரீம் வண்டி, புதுமணத் தம்பதிகள் போட்டோ. இவ்வளவும் பார்த்துவிட்டு, பிரின்செப் யார் என்று கேட்காமலே ஜனங்கள் வீடு திரும்புகிறார்கள்.

ஜேம்ஸ் பிரின்செப் கல்கத்தா நாணயச் சாலையில் தங்கம், வெள்ளி மாற்றுப் பார்க்கும் அதிகாரி. பழைய நாணயங்களைப் பார்த்துப் பார்த்து எழுத்தில் ஈடுபாடு வந்தது. அசோகர் தூண்களிலும் பாறைகளிலும் இருந்த எழுத்தை அன்றைக்கு உலகத்தில் ஒருவராலும் படிக்க முடியவில்லை. சாஞ்சி ஸ்தூப வேலித் தூண்களில் சின்னச் சின்ன வரிகள் ஏராளமாக இருந்தன. அவற்றின் படிகளை எதிரில் பரப்பிக்கொண்டு பார்த்தவர், பெரும்பாலான வரிகள் அதே இரண்டு எழுத்தில் முடிவதைக் கவனித்தார். கோயிலுக்குக் கொடுத்தவர்கள் பெயர் வெட்டுவது இந்த நாட்டு வழக்கமாயிற்றே. அப்படியானால் அந்தக் கடைசிச் சொல் 'தானம்' என்றுதான் இருக்க வேண்டும் என்று ஊகித்தார். பூட்டு திறந்துகொண்டது. 1837-ல் பிராமி எழுத்து முழுவதும் படிக்கப்பட்டுவிட்டது. மூன்று வருஷத்தில், நாற்பது வயது நிரம்பி ஓராண்டு ஆவதற்குள், அவர் காலமானார். ஊர் மக்கள் பணம் போட்டுக் கட்டிய நினைவு மண்டபமே இந்தக் காட்.

இதுல நமக்கு என்ன என்று கேட்பீர்கள். மதுரையைச் சுற்றியுள்ள குன்றுகளில் சமண முனிவர்கள் படுத்த கல் படுக்கைகள் உண்டு. அவற்றுக்கு மேலே வெட்டிய எழுத்து பிராமிதான். மாங்குளம் குகைக் கல்வெட்டை 1882-ல் ராபர்ட் சுவெல் கண்டார். அது தமிழ் என்று 1924-ல் நிறுவியவர் கே.வி. சுப்பிரமணிய ஐயர். ஐராவதம் மகாதேவன் 2003-ல் வெளியிட்ட பெருநூல் அந்த ஆராய்ச்சியை நிலைநிறுத்தியது. மாங்குளத்தில் நெடுஞ்செழியன் பெயர் வருகிறது. வெள்ளறை என்ற ஊர் நிகமத்தார், அதாவது வணிகர் சங்கம், கொடை கொடுத்த செய்தியும் வருகிறது. அழகர்மலைக் குகையில் உப்பு வணிகன், பாணித வணிகன், கொழு வணிகன், பொற்கொல்லன் என்று கொடுத்தவர்கள் வரிசையாக நிற்கிறார்கள். பாணிதம் என்பது வெல்லப்பாகு, கொழு, ஏர்க்கொழு. இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்திய கடைத்தெரு அப்படியே பாறையில்! கல்கத்தாவில் ஒரு மனிதர் 'தானம்' என்ற சொல்லைப் படித்திராவிட்டால் இந்த வியாபாரிகளின் பெயரும் நமக்குத் தெரிந்திராது.

அசல் பிராமி எழுத்தைக் கண்ணால் பார்க்க விரும்புகிறவர்கள் பார்க் ஸ்ட்ரீட்டில் ஆசியாட்டிக் சொசைட்டிக்குப் போகலாம். ராஜஸ்தானம் பைராட்டில் கிடைத்த அசோகர் கல்வெட்டுப் பாறை அங்கே இருக்கிறது.

இன்னொன்றும் சொல்லத்தான் வேண்டும். மெக்கென்சி இறந்த பின், விட்ட இடத்திலிருந்து சேகரிப்பு வேலையைத் தொடர அனுமதி வேண்டும் என்று காவலி லட்சுமய்யா 1830-களில் விண்ணப்பித்தார். அப்போது ஆசியாட்டிக் சொசைட்டியின் காரியதரிசி இதே பிரின்செப். இத்தனை பெரிய வேலையை ஓர் இந்தியரால் தலைமை தாங்கி நடத்த முடியாது என்ற கருத்தில் விண்ணப்பம் தள்ளப்பட்டது. இருபது வருஷத்துக்கு மேல் ஊர் ஊராக அலைந்தவரிடம் சொன்ன பதில் அது. பிரின்செப்புக்கு ஆற்றங்கரையில் மண்டபம் இருக்கிறது. லட்சுமய்யாவுக்கு அந்த ஊரில் ஒரு கல் இருப்பதாகத் தெரியவில்லை. பெருமை சொல்லும்போது இதையும் சேர்த்துச் சொல்வதே நியாயம்.

படா பஜாரில் பிழைக்க வந்தவர்கள்

சாக்கு வாங்க அலைந்த காலத்தில் ஆர்மீனியன் ஸ்ட்ரீட், கேனிங் ஸ்ட்ரீட் எல்லாம் எனக்கு லாரி ஆபீஸ் விலாசங்கள். அந்தப் பெயர்களுக்குப் பின்னால் இருக்கும் மனிதர்களை இந்த முறை நிதானமாகப் பார்த்தேன். முட்டியாக்கள் தலையில் மூட்டையோடு வழி கேட்டுக் கத்துகிற சந்து. அதில் ஒரு கேட்டைத் தாண்டினால் சட்டென்று சத்தம் அடங்கிவிடும். அதுதான் 1724-ல் கட்டிய ஆர்மீனிய சர்ச். தரை முழுவதும் கல்லறைக் கற்கள். ரேசாபீபி என்ற பெண்மணியின் கல்லில் உள்ள வருஷத்தை 1630 என்று படிக்கிறார்கள். அந்த வாசிப்பு சரி என்றால் சார்னாக் வருவதற்கு 60 வருஷம் முன்பே ஆர்மீனிய வியாபாரிகள் அங்கே குடும்பத்தோடு வாழ்ந்திருக்கிறார்கள்.

சென்னைக்காரர்களுக்கும் ஆர்மீனியர் புதியவர்கள் அல்லர். சென்னையிலும் ஆர்மீனியன் தெரு உண்டு. கோஜா பெட்ரஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வணிகர் 1726-ல் தம் கைப்பணத்தில் அடையாற்றின்மேல் சைதாப்பேட்டைப் பாலத்தைக் கட்டினார். பறங்கிமலைப் படிக்கட்டையும் சீராக்கினார். அதே சார்னோக்கைட் மலை! உலகத்தின் முதல் ஆர்மீனிய மொழிப் பத்திரிகை வந்ததும் சென்னையிலிருந்துதான், 1794-ல்.

கேனிங் ஸ்ட்ரீட் முனையில் மாகன் டேவிட் யூத ஆலயம், 1884-ல் எழும்பியது. பாக்தாத், அலெப்போ பக்கத்திலிருந்து வந்த யூத வணிகர்கள் கட்டியது. செங்கல் கோபுரம், கடிகாரம், உள்ளே வண்ணக் கண்ணாடி, செஸ் பலகை போல் தரை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் சில ஆயிரம் பேர் இருந்த சமூகம். இன்று விரல்விட்டு எண்ணுகிற அளவே மிச்சம். ஆலயத்தைத் தலைமுறை தலைமுறையாகக் காத்து வருகிறவர்கள் ஒடிசாவிலிருந்து வந்த முஸ்லிம் குடும்பத்தார். 1881-ல் தொடங்கிய யூதப் பெண்கள் பள்ளி இப்போதும் நடக்கிறது. படிக்கிற பெண்களில் பெரும்பாலோர் முஸ்லிம்கள். வெறுப்பைப் பற்றியே செய்தி படிக்கிற நாளில் இதையும் நம் பிள்ளைகள் நேரில் பார்க்கட்டும். அடையாள அட்டை கையில் இருந்தால் உள்ளே விடுவார்கள்.

வடக்கே கௌரிபாரியில் பரேஷ்நாத் கோயில் என்று ஊரார் சொல்லும் ஜினாலயம் இருக்கிறது. லக்னோவிலிருந்து வந்த நகை வியாபாரி ராய் பத்ரிதாஸ் 1867-ல் கட்டியது. மூலவர் பத்தாம் தீர்த்தங்கரர் சீதளநாதர். நாங்கள் திகம்பரர், அது சுவேதாம்பரர் கோயில். மேல்சித்தாமூரின் கருங்கல் மண்டபத்தில் கும்பிட்டுப் பழகிய கண்ணுக்கு அந்தக் கண்ணாடிச் சில்லுகளும் தொங்கு விளக்குகளும் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தன. ஆனால் கோயில் கட்டிய நாளில் ஏற்றிய நெய் விளக்கு இன்னும் அணையாமல் எரிகிறது என்று சொல்லிக் காட்டுகிறார்கள். அதன் முன் நின்றபோது எந்தப் பிரிவு என்று நினைக்கத் தோன்றவில்லை.

பெல்வெடேரில் தமிழ்ச் சுவடி

கடைசி நாளை அலிப்பூரில் தேசிய நூலகத்துக்கு ஒதுக்கினேன். பழைய கவர்னர் மாளிகையான பெல்வெடேர் வளாகத்தில் 1953-லிருந்து பொதுமக்களுக்குத் திறந்திருக்கிறது. படிக்கும் கூடம் இப்போது பாஷா பவன் என்ற புதிய கட்டிடத்தில். இந்த நூலகத்தில் தமிழுக்கென்று ஒரு பொக்கிஷம் இருக்கிறது. பேராசிரியர் எஸ். வையாபுரிப் பிள்ளை சேர்த்து வைத்திருந்த நூல்களும் சுவடிகளும் அங்கே அவர் பெயரிலேயே தனித்தொகுப்பாக உள்ளன.

சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியின் பதிப்பாசிரியர் அவர். 1940-ல் சங்க இலக்கியம் முழுவதையும் ஒருசேரப் பதிப்பித்தவர். சீவகசிந்தாமணியையும் ஆராய்ந்து பதிப்பித்தவர். அந்தக் காவியத்தை 1887-ல் முதலில் முழுமையாக அச்சிட்ட உ.வே. சாமிநாதையருக்குச் சமணப் பொருள் விளங்கச் சொல்லிக் கொடுத்தவர்கள் கும்பகோணத்துச் சமணர்கள் என்பது தமிழறிந்தோர் அறிந்த செய்தி. வையாபுரிப் பிள்ளைக்கு நிகண்டுகளில் தனிப் பிரியம். சூடாமணி நிகண்டு செய்த மண்டலபுருடர் எங்கள் வடார்க்காடு, தென்னார்க்காடு பக்கம், திண்டிவனத்தை அடுத்த பெருமண்டூர்க்காரர். சிறுவயதில் வீட்டுத் திண்ணையில் எங்கள் தாத்தா நிகண்டுப் பாட்டைச் சொல்லிக் கொடுத்தார். அந்தக் கல்விக்குத் தம் வாழ்நாளைக் கொடுத்த ஒருவரின் புத்தகங்கள், எங்கள் கிராமத்திலிருந்து ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் ஆற்றங்கரை ஊரில் பத்திரமாக இருக்கின்றன.

நாம் எதை விட்டுப்போகிறோம்?

இப்போது அந்தக் கேள்விக்கு வருகிறேன். சார்னாக்குக்குக் கல் இருந்தது. மெக்கென்சிக்குச் சுவடியும் வில்சனின் பட்டியலும் இருந்தன. ஆர்மீனியருக்கும் யூதருக்கும் கட்டிடம் இருக்கிறது. அதில் பெயரும் வருஷமும் வெட்டியிருக்கிறார்கள். ஆட்கள் குறைந்துபோன பிறகும் அவர்கள் கதையை நாம் படிக்க முடிகிறது. நம்மைப் பற்றி இப்படி ஏதாவது மிஞ்சுமா?

1980-களில் படா பஜாருக்குச் சாக்கு வாங்க வந்த தமிழ் வியாபாரிகள் என் ஒருவனோடு முடியவில்லை. ஆரணி, தஞ்சாவூர், மதுரை என்று அரிசி வியாபாரம் நடந்த ஊர்களிலிருந்தெல்லாம் வருவோம். ஒரே மெஸ்ஸில் சாப்பாடு. புளிக்குழம்பு ஊற்றுகிற அந்த ஐயருக்கு ஒவ்வொருவர் ஊரும் பெயரும் தெரியும். இந்த முறை அந்தச் சந்தில் செல்போன் உறை விற்கிறார்கள். யார் யார் வந்தோம், என்ன விலைக்கு வாங்கினோம், கடன் யார் கொடுத்தார்கள், ஊருக்கு எப்படிச் செய்தி அனுப்பினோம் என்பதை ஒருவரும் எழுதி வைக்கவில்லை. அழகர்மலை உப்பு வணிகனின் பெயர் நமக்குத் தெரியும். நாற்பது வருஷத்துக்கு முந்தைய சாக்கு வணிகனின் பெயர் தெரியாது. கணக்கில் இது எவ்வளவு பெரிய நஷ்டம் பாருங்கள்!

நம் ஊரிலும் இதே கதைதான். ரயில்வேயில் வந்தவர்கள், நிலக்கரிச் சுரங்கத்தில் கணக்கெழுத வந்தவர்கள், இட்லிக் கடை வைத்தவர்கள், ஸ்டெனோவாக வந்து ஆபீசராக ஓய்வு பெற்றவர்கள் என்று மூன்று தலைமுறை ஆகிவிட்டது. முதல் தலைமுறையில் இன்னும் சிலர்தான் நம்மோடு இருக்கிறார்கள். பேரப் பிள்ளைகள் அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து, எந்த வருஷம் வந்தீர்கள், முதல் சம்பளம் எவ்வளவு, முதல் வாடகை வீடு எந்தத் தெரு என்று கேட்டு ஒரு நோட்டில் எழுதினாலே போதும். தமிழில் எழுத வராவிட்டால் வருகிற மொழியில் எழுதட்டும்.

இன்னொரு யோசனை, செலவில்லாதது. நம் நாட்டில் 1954-ல் ஒரு சட்டம் வந்தது. அச்சிட்டு வெளியிடும் புத்தகங்களில் ஒவ்வொரு பிரதியைக் கல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமாரா நூலகம் உள்ளிட்ட நான்கு நூலகங்களுக்கு வெளியிடுகிறவர் அனுப்ப வேண்டும் என்பது அதன் விதி. சங்க மலர்களை அப்படி அனுப்பும் வழக்கம் நம்மிடம் இல்லை. விழா முடிந்ததும் மலர் பரணுக்குப் போகிறது, பரணிலிருந்து பழைய பேப்பர்க் கடைக்குப் போகிறது. பழைய பேப்பர் எடைக்குப் போகும். நூலகத்துக்குப் போனது நிற்கும்.

ஆகவே மலர்க்குழுவினருக்கு என் வேண்டுகோள் இது. இந்த மலரில் ஒரு பிரதியை அலிப்பூருக்கும், ஒன்றை எழும்பூர் கன்னிமாராவுக்கும் தபாலில் அனுப்பி வையுங்கள். பழைய மலர்கள் யார் வீட்டிலாவது இருந்தால் அவற்றையும் திரட்டிச் சேர்த்து அனுப்பலாம். தபால் செலவை என் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.